நான் கிழவியாகிவிட்டேன் என்று நினைத்த வருஷம்

எனக்கு நாற்பத்தொன்று நடந்த வருஷம், ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும், நான் கிழவியாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் ஆயுசில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்தது அந்த நாலு மாதம்தான். யாராவது வயதாவதைப் பற்றி அலுத்துக்கொண்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கிடைக்காதவளைக் கேட்டால் அல்லவா தெரியும்.

அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே மாதவிலக்கு முன்னே பின்னே போய்க்கொண்டிருந்தது. ஐப்பசி மழை கொட்டி எங்கள் ஊர்க் கண்மாய் நிரம்பிய சமயத்தில் கடைசியாக வந்தது. கார்த்திகையில் இல்லை. மார்கழியில் இல்லை. இருபத்தேழு வருஷமாக மாதத்தில் மூன்று நாள் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் தனித் தட்டும் தனிச் செம்புமாக உட்கார்ந்தவள் நான். வைக்கோல் வாசனையும் மாட்டு மூச்சும்தான் அந்த நாட்களில் எனக்குத் துணை. தை பிறந்ததும் அந்தத் தட்டையும் செம்பையும் புளி போட்டுத் துலக்கி, வீட்டுப் பாத்திரங்களோடு பாத்திரமாகக் கவிழ்த்து வைத்தேன். அன்று முழுக்க நான் தரையில் நடந்ததாகவே எனக்கு நினைவில்லை.

எத்தனை திட்டம் போட்டேன். இனி வெற்றிலை போடலாம். ஆம்பளைகள் பேசும் இடத்தில் நின்று பதில் சொல்லலாம். நினைத்த நாளில் கோயிலுக்குப் போகலாம், யாரையும் கேட்கவேண்டாம், விரல் விட்டு எண்ணவேண்டாம். அறுப்பு முடிந்த வயலில் வெயில் மஞ்சளாக இறங்கும்போது வரப்பில் கைவீசி நடந்துபோவேன். எதிரே யார் வந்தாலும் முந்தானையை இழுத்து மூடுவதில்லை. இலுப்பூர் போகிற பஸ் தூரத்தில் தூசி கிளப்பிக்கொண்டு போகும். அதில் ஏறிக் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டு, சாயங்காலம் திரும்பி வந்தாலும் இனி என்னை யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை என்று தோன்றும். போகவில்லை. நினைப்பதே போதுமானதாக இருந்தது.

எனக்கு ஒரே பெண். அவளுக்குப் பிறகு பிறந்த மூன்றும் தங்கவில்லை. கடைசியாக, எங்கள் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் ஒரு ஆண்பிள்ளை. பதினாறு நாள் இருந்தான். அதற்குப் பிறகு பத்து வருஷமாக ஒன்றும் இல்லை. பெண்ணை அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்திருந்தோம், மருமகனுக்கு அரிசி மில்லில் வேலை. அவள் உண்டாகியிருக்கிறாள் என்று மார்கழியில் கடிதம் வந்தது. பேரப்பிள்ளை வரப்போகிறது, எனக்கும் நின்றுபோயிற்று, எல்லாம் கணக்காக அமைந்துவிட்டது என்று நினைத்தேன்.

எங்கள் பங்காளிகளுக்கு ஒரு கோயில் வீடு உண்டு. மாசியில் அங்கே படைப்பு. சாமிக்கான சோற்றை உள்ளே அடுப்பு மூட்டி ஆக்குவது நின்றுபோன பெண்கள் மட்டும்தான். மற்றவர்கள் வாசற்படியைத் தாண்டக்கூடாது. அந்த வருஷம் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களில் மூத்தவள் என் கணவருக்குப் பெரியப்பா மகள், எனக்கு நாத்தனார் முறை. அவளே வீடு தேடி வந்தாள்.

"ஒனக்கும் நின்னு போச்சாமே?"

"ஆமா அண்ணி. ஐப்பசியோட."

"அப்ப குளிச்சிட்டு வந்துரு. துடுப்புப் போட ஒரு கை கொறையுது."

எனக்கு உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது. படைப்பன்று தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டச் சொட்ட அந்தப் படியைத் தாண்டினேன். உள்ளே ஒரே புகை. ஓட்டுச் சந்து வழியாக இரண்டு மூன்று இடத்தில் வெயில் கோலாக இறங்கிப் புகையில் நின்றது. வெளியே மேளம் கேட்டது, ஆனால் எங்கோ அடுத்த ஊரில் அடிக்கிற மாதிரி. பெரிய வெண்கலப் பானையில் பச்சரிசி கொதித்துக்கொண்டிருந்தது. துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றில் அண்டக் கொடுத்துக் கிண்டினேன். ஆறு கிழவிகளும் சுற்றி நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி என்று நினைக்கத் தித்திப்பாக இருந்தது.

அப்போதுதான் அடிவயிற்றில், சேற்றில் கெளுத்தி மீன் புரள்கிற மாதிரி, ஒன்று புரண்டது.

நாலு பெற்றவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லவேண்டியதில்லை. துடுப்பு நின்றது. "கிண்டுடி, அடிப்புடிக்கும்" என்றாள் அண்ணி. கிண்டினேன். இன்னொரு முறை புரண்டது. அந்தப் புகையில் யார் கண்ணிலும் தண்ணீர்தான், என் கண்ணையும் யாரும் கேட்கவில்லை. சோற்றை இறக்கி, சாமிக்குப் படைத்து, வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வந்து, அந்தத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தேன். மாடு திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தின்ன ஆரம்பித்தது.

கலைத்துவிடலாமா என்று நினைத்தேன். இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. இலுப்பூர் மருத்துவச்சி வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "நாள் தாண்டிருச்சு. பேசாம பெத்துக்க" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். செத்துப்போன பிள்ளைகளுக்காக அழுத அழுகை வேறு. இது என்னுடைய முதுமை என் கையைவிட்டுப் போகிறதே என்று அழுத அழுகை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

என் கணவரிடம் கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். கமலை இறைத்துக்கொண்டிருந்தார். மாட்டை நிறுத்தினார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு மாட்டை ஓட்டினார். அன்றிலிருந்து சாப்பாட்டைக் கொல்லைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார். ஊரில் நாலு பேர் கேலி பேசுவார்கள் என்று அவருக்கு வெட்கம். அவருக்காவது ஒளிந்துகொள்ள ஒரு கொல்லை இருந்தது. நான் என் வயிற்றை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

பங்குனியில் வயிறு தெரிந்தது. கோயில் வீட்டு அண்ணி வந்து எதிரே நின்றாள். நான் தலையைத் தூக்கவில்லை. வயிற்றைப் பார்த்துவிட்டு, "சாமியவே ஏமாத்திப்புட்டியேடி" என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீட்டா இல்லையா என்று ஆறு பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி கையால் ஆக்கியது தீட்டில்லை, பொய் சொன்னதற்கு ஒரு சூடம் கொளுத்தினால் போதும் என்று முடிவாகியிருந்தது. கொளுத்தினேன். நான் பொய் சொல்லவில்லை என்பதை நம்ப அங்கே யாரும் தயாராக இல்லை.

ஊர் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என் பெண்ணை நினைத்துத்தான் பயந்தேன். அவளுக்கு எழுத உட்கார்ந்தால் "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் கை ஓடவில்லை. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று சித்திரை வந்துவிட்டது. ஏழாம் மாதம்; கட்டுச்சோறு ஆக்கிக்கொண்டுபோய் அவளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவரவேண்டும். தாய் போகாமல் யார் போவது? எனக்கு அப்போது ஆறு முடியப்போகிறது. புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று தூக்குகளில் கட்டி எடுத்துக்கொண்டு, கணவரும் நானும் பஸ் ஏறினோம்.

அறந்தாங்கியில் அவர்கள் வீட்டில் கூடம் நிறையப் பெண்கள். நடுவில் என் மகள் கையெல்லாம் வளையலோடு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பிறகு அவள் பார்வை கீழே இறங்கியது. மலர்ந்தது அப்படியே நின்றுவிட்டது.

சம்பந்தியம்மாள் என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள். "வாங்க சம்பந்தி. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒங்களுக்கும் சேத்து ரெண்டு டஜன் வளையல் வாங்கியிருப்போம்ல" என்றாள். கூடமே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய. என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து தன் வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். கணவர் முன்னால் போய் நின்றுகொண்டார். வெயில் தகித்தது, தைலமரங்களும் செம்மண் மேடுகளும் தூக்கத்தில் போவது போல் போயின. அவள் ஜன்னல் பக்கம் ஒதுங்கி ஒதுங்கி உட்கார்ந்தாள், என் வயிறு அவள்மேல் படக்கூடாது என்று. வெகுதூரம் வந்தபிறகு, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் ஆத்தா எங்கிட்ட சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு தாயி."

"இப்ப எனக்கு எம்புட்டு வெக்கமா இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

அதோடு சரி. வீட்டுக்கு வந்தபிறகு தண்ணி, சோறு, பாய் என்று தேவைக்கு ஒரு சொல். அவள் என்னை முகம் பார்த்துப் பேசவேண்டும் என்பதைத் தவிர அந்தக் கோடையில் நான் வேறு எதையும் சாமியிடம் கேட்கவில்லை.

ஆனாலும் அந்த இரண்டு மாதம் என் நினைவில் வேறுவிதமாகத்தான் இருக்கிறது. மத்தியான வேளைகளில் கூடத்தில் ஆளுக்கொரு சுவரோரம் படுத்திருப்போம். கதவுச் சந்தில் வரும் வெளிச்சத்தில் தூசி மெல்ல மெல்ல ஏறி இறங்கும். எங்கோ ஒரு செம்போத்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பாதித் தூக்கத்தில் யாரோ முனகுவது கேட்டால், அது நானா அவளா என்று எனக்கே தெரியாது. சில சமயம் நானே அங்கே பதினெட்டு வயதில் படுத்திருப்பதாகவும், இங்கே படுத்திருப்பது என்னைப் பெற்றவள் என்றும் தோன்றும். கண்ணை நன்றாகத் திறந்தால் அந்த எண்ணம் போய்விடும். அவளுக்குக் கர்ப்பம் முகத்தில் மினுமினுப்பாக ஏறியிருந்தது. எனக்குக் காலில் நீராக ஏறியிருந்தது. முன்னந்தலையில் நரை வேறு. ஒரே வீட்டில் ஒரே காரியத்தை இரண்டு வயதுகள் செய்துகொண்டிருந்தோம், அவளுக்கு அது சுலபமாக வந்தது.

ஆனியில் எனக்குப் பேரன் பிறந்தான். எட்டு மாத வயிற்றோடு வெந்நீர் சுமந்து அவளைக் குளிப்பாட்டினேன், சுக்கும் மிளகும் இடித்து மருந்து கிண்டிக் கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டாள். பேசவில்லை. ஆடிக் கடைசியில் எனக்கு வலி கண்டது. மருத்துவச்சி வருவதற்குள் என் தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்; பிள்ளை பெற்று ஒன்றரை மாதம்கூட ஆகாதவள். "முக்கு, ஆத்தா" என்று அதட்டினாள். அந்த அதட்டலில் எனக்குப் பாதி வலி போயிற்று. ஆண்பிள்ளை பிறந்தான்.

அவனைப் பார்த்த நிமிஷத்தில் என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. வெட்கமும் போயிற்று. இவன் இருந்தால் போதும் என்று மட்டும் இருந்தது. அவன் இருப்பதற்கு வேண்டியது என்னிடம் இல்லை. பால் வரவில்லை.

பூண்டு தின்றேன். முருங்கைக்கீரை தின்றேன். அதுவரை என்னிடம் வாய் திறக்காத என் கணவர், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கோட்டைப்பட்டினம் போய், ஓலைக்கூடை நிறையப் பால்சுறாக் கருவாடு வாங்கிவந்து அடுப்படியில் வைத்தார். "இத ஆக்கித் தின்னு" என்றார். நாலு நாள் அதையும் தின்றேன். ஈரம் கசிந்ததே தவிரப் பாலாகவில்லை. பசும்பாலைத் தண்ணீர் கலந்து சங்கில் கொடுத்தோம், கக்கினான். இலுப்பூர் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்ன டப்பாப் பால் வயிற்றாலே போனது. அழுகை நாளுக்கு நாள் மெலிந்தது. கூடத்தின் மறுபக்கத்தில் பேரன் வயிறு முட்டக் குடித்துவிட்டு, கடைவாயில் பால் வழியத் தூங்குவான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முகம் பார்த்துப் பேசாதவளிடம், உன் பிள்ளையின் பாலைக் கொடு என்று எப்படிக் கேட்பது? அன்று பதினாலாம் நாள். பதினாறு என்ற எண் என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

மத்தியானம். எனக்குக் கொஞ்சம் கண்ணசந்திருந்தது. விழித்தால் பக்கத்தில் பிள்ளை இல்லை. எழுந்து உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரோரம் என் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவன். அவன் தொண்டை ஏறி இறங்குவதும், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி குடிப்பதும் இங்கே கேட்டது. அவள் என்னை நேராகப் பார்த்தாள். சித்திரைக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"கேக்க வேண்டியதுதானே ஆத்தா. நான் என்ன மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்றாள். "படு. அவன் குடிக்கட்டும்."

எனக்கு நன்றி தோன்றியிருக்கவேண்டும். தோன்றியது பொறாமைதான். பிறகுதான் நன்றி வந்தது. படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். அவ்வளவு ஆழமாக நான் அதற்கு முன்னும் தூங்கியதில்லை, பின்னும் தூங்கியதில்லை.

அவன் தேறினான். ஒரு மாதத்தில் தொடையில் மடிப்பு விழுந்தது. மகளும் நானும் பழையபடி பேசினோம், பழையதைவிட அதிகமாகவே பேசினோம். மாமனும் மருமகனும் இரண்டு தூளியில் ஆட, நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கயிற்றை இழுப்பேன். கார்த்திகையில் என் மருமகன் அவளை அழைத்துப்போக வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்தாம் மாதம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போகவேண்டியவள்தானே.

"அவன் எங்கூட வரட்டும்" என்றாள்.

"எம் புள்ளைய எதுக்குடி ஒம் மாமியா வீட்டுக்கு அனுப்பணும்?"

"அப்ப நீ என்ன குடுப்ப அவனுக்கு?"

சண்டை போட்டேன். தூக்குவாளியைத் தரையில் போட்டேன். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் சிரித்தது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவன் துணிமணிகளை மடித்துப் பையில் வைத்தவள் நான்தான். பஸ்ஸில் அவள் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் போனபிறகு மார்பில் ஒரு சுருக்கு சுருக்கியது. பால் இல்லாத மார்பு எதற்குச் சுருக்கவேண்டும் என்று அதன்மேலும் எனக்குக் கோபம்.

மாதம் ஒருமுறை அறந்தாங்கி போய்ப் பார்த்துவருவேன். சம்பந்தியம்மாள் அவனை இடுப்பைவிட்டு இறக்கமாட்டாள். "வாங்க சம்பந்தி, இந்தா சின்னச் சம்பந்தி எப்புடி இருக்காருன்னு பாருங்க" என்பாள். அவளை வெறுக்க வேண்டும் என்று போவேன், முடியாமல் திரும்புவேன். முதல் முறை என்னிடம் வந்தான். மூன்றாம் முறை என்னைப் பார்த்து அழுதான். வருஷம் திரும்பியதும் கூட்டிவந்துவிடுவது என்று பேச்சு. "இன்னும் ரெண்டு மாசம் போகட்டும் ஆத்தா" என்பாள் மகள். அவளால் அவனை விடமுடியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு அவள் மறுபடியும் உண்டானாள், பால் நின்றது. அவனுக்கு ஒன்றரை வயது தாண்டி வந்த சித்திரையில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள், ஒருவனை விட்டுவிட்டுப் போக.

பத்து நாள் இருந்தாள். பேரன் என்னை, அம்மாவைப் பெற்றவள் என்ற முறையில், "அம்மாயி" என்று கூப்பிட்டான். அவன் மாமனான என் பிள்ளையும் "அம்மாயி" என்றான். அவள்தான் அவனுக்கு "ஆத்தா". "டேய், அது அக்கா. இதுதான்டா ஆத்தா" என்று என்னைக் காட்டித் திருத்துவாள். அவன் என்னை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்ப்பான். பெரியவர்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்துச் சிரிப்பான். "பழகுனா சரியாயிரும்" என்று நானும் சொன்னேன். அவள் போனதும் நானே சொல்லிக்கொடுத்துவிடலாம், நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அவன் தூங்கும்போது அவள் பஸ் ஏறினாள். போகும்போது அவனைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் போகமுடியாது என்றாள். விழித்ததும் வீடு முழுக்கத் தேடினான். கதவுக்குப் பின்னால் பார்த்தான், தூளித் துணியைத் தூக்கிப் பார்த்தான், கொல்லைவாசல் வரை போய் "ஆத்தா, ஆத்தா" என்று கூப்பிட்டான். நான் இங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். இதோ இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் தேடுவது என்னை இல்லை. அழுது அழுது விக்கல் எடுத்தது. என் கணவர் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

கடைசியில் அழுகை ஓய்ந்து, மெல்ல நடந்துவந்து என் சேலையைப் பிடித்தான். மேலே பார்த்தான்.

"அம்மாயி... தூக்கு."

என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆத்தான்னு சொல்லு, அப்பத்தான் தூக்குவேன் என்று சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல சமயம் வராது.

"அம்மாயி இங்கிட்டுத்தான்டா இருக்கேன்" என்று சொல்லி, அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.